பாரமும் பிடிமானமும்

கூதிர்காலத்துக் குளிரைப் பாடும் நெடுநல்வாடையை இருபது ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். முன்பனி என்றால் மார்கழியும் தையும், பின்பனி என்றால் மாசியும் பங்குனியும் என்று கரும்பலகையில் எழுதிப்போடுவேன். தலைக்கு மேல் மின்விசிறி சுழன்றுகொண்டிருக்கும். மாணவர்கள் வியர்வையைத் துடைத்துக்கொண்டே அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்வார்கள். தஞ்சை மாவட்டத்துக்காரர்களாகிய நாங்கள் பனி என்று அறிந்ததெல்லாம் விடிகாலையில் வைக்கோற்போரின் மேல் படிந்திருக்கும் ஈரந்தான். தமிழில் அந்த ஈரத்துக்கும் பனி என்றுதான் பெயர்; ஒரு டிராக்டரைச் சறுக்கவிட்டுப் பள்ளத்தில் தள்ளிவிடும் பொருளுக்கும் பனி என்றுதான் பெயர். இரண்டுக்கும் இடையே உள்ள தொலைவை 2022-ஆம் ஆண்டின் இறுதியில், என் நாற்பத்தாறாம் வயதில், அக்கா வீட்டில்தான் அறிந்துகொண்டேன்.

அக்கா இருப்பது அமெரிக்காவில், நியூயார்க் மாநிலத்தின் வடபகுதியில். நியூயார்க் என்றதும் நம்மவர்களுக்கு வானளாவிய கட்டடங்கள் நினைவுக்கு வரும். இது அதுவன்று. சிராக்யூஸ் நகரிலிருந்து வடக்கே காரில் ஒரு மணி நேரம் சென்றால், ஒண்டாரியோ ஏரிக்குக் கிழக்கே டக் ஹில் என்றொரு மேட்டுநிலம் தொடங்குகிறது. பால் பண்ணைகளும் காடுகளும் நிறைந்த ஊர்ப்புறம். அதன் மேற்குச் சரிவில், சாலையிலிருந்து நானூறு அடி மேலே ஏறிச் செல்லும் ஒரு பாதையின் முடிவில் அவள் வீடு. அத்தான் சிராக்யூஸில் பொறியாளராக வேலை பார்த்தவர். ஓய்வுக்காலத்தில் காட்டோரம் வாழவேண்டும் என்று ஆசைப்பட்டு வாங்கிய வீடு அது. 2022 சனவரியில் அத்தான் காலமானார். அவர்கள் மகன் கலிபோர்னியாவில் இருக்கிறான். வீட்டை விற்றுவிட்டுத் தன்னோடு வந்துவிடும்படி அழைத்துக்கொண்டே இருந்தான். அக்கா மறுத்தாள். "ஒரு குளிர்காலம் தனியா இருந்து பாக்கறேன். முடியலேன்னா வர்றேன்" என்றாள். அந்த ஒரு குளிர்காலத்துக்குத் துணையாகத்தான் நான் கல்லூரியில் ஊதியமில்லா விடுப்பு எடுத்துக்கொண்டு நவம்பர் தொடக்கத்தில் போய்ச் சேர்ந்தேன்.

போன மறுநாளே அக்கா என்னைக் கார்க்கொட்டகைக்கு அழைத்துச் சென்றாள். அங்கே அத்தானின் சிறு டிராக்டர் நின்றுகொண்டிருந்தது. நம் ஊர் டிராக்டரோடு ஒப்பிட்டால் கன்றுக்குட்டி போன்றது. இருபத்தைந்து குதிரைத்திறன், நான்கு சக்கர இயக்கம், முன்னால் மண் அள்ளும் வாளி, பின்னால் பனியை ஒதுக்கும் இரும்புத் தகடு. ஏழு எட்டு மாதங்களாக யாரும் தொடாமல் தூசி படிந்திருந்தது.

"உனக்கு டிராக்டர் ஓட்டத் தெரியும்ல?" என்றாள்.

"அப்பாவோட டிராக்டர ஓட்டியிருக்கேன். சேத்துல. நான் ஓட்டறேன்க்கா, நீ கவலப்படாத."

"நீ ஓட்ட வேணாம்டா. நீ மார்ச்சுல போயிடுவ. அடுத்த வருஷம் நான்தான் ஓட்டணும். நீ கீழ நின்னு சக்கரத்தப் பாத்து சொல்லு."

இப்படியாகத் தமிழ் விரிவுரையாளன் ஒருவன் டயர் பார்க்கும் வேலையில் அமர்ந்தான்.

* * *

அவ்வூர்ப் பனியைப் பற்றிச் சிறிது சொல்ல வேண்டும். கனடாவிலிருந்து வரும் உறைகாற்று ஒண்டாரியோ ஏரியைக் கடந்து வருகிறது. அந்த ஏரி ஆழமானது. சராசரி ஆழமே 86 மீட்டர். ஆகையால் ஏரி முழுவதும் உறைவது அரிது. குளிர்காலத்திலும் காற்றைவிட வெதுவெதுப்பாக இருக்கும் அந்த நீரிலிருந்து காற்று ஈரத்தை முகந்துகொள்கிறது. கிழக்குக் கரையில் மேட்டுநிலம் எதிர்ப்படவே, மேலே எழும்பிக் குளிர்ந்து, முகந்ததையெல்லாம் பனியாகக் கொட்டிவிடுகிறது. மேட்டின் உயரமான இடங்களில் ஓராண்டுப் பனிப்பொழிவு 200 அங்குலத்தைத் தாண்டுவது வழக்கம். ஹூக்கர் என்ற சிற்றூரில் 1976-77 குளிர்காலத்தில் 466.9 அங்குலம் விழுந்தது. நியூயார்க் மாநிலத்தின் உச்ச அளவு என்று அதைக் குறிப்பிடுகிறார்கள். கிட்டத்தட்ட முப்பத்தொன்பது அடி. நம் ஊர்க் கோயிலின் சிறு கோபுரம் ஒன்று மூழ்கிவிடும்.

நான் போன அந்த நவம்பரின் நடுவிலேயே முதல் ஏரிப்பனி வந்துவிட்டது. தெற்கே பஃபலோ நகரை ஒட்டிய ஊர்களில் 80 அங்குலம் அளவுக்குக் கொட்டியதைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். எங்கள் பாதையில் முதல் நாள் ஓரடி.

ஓரடிப் பனிதானே என்று நினைத்தேன். பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நானூறு அடி நீளம், பத்தடி அகலம், ஓரடி உயரம். புதிதாய் விழுந்த இலேசான பனியே ஒரு கன மீட்டருக்கு 50 முதல் 100 கிலோ வரை இருக்கும். மேல் அளவை வைத்துக்கொண்டால் பாதை முழுவதற்கும் பதினோரு டன். காற்றில் மிதந்து வந்த அந்தப் பஞ்சையெல்லாம் யாராவது தள்ளியாக வேண்டும்.

அக்கா ஏறி அமர்ந்து வண்டியைக் கிளப்பினாள். வீட்டு முன்பாகச் சமதரையில் தகட்டை இறக்கியபோது வண்டி நாலடி நகர்ந்தது. பனி தகட்டில் குவிந்ததும் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலத் தொடங்கின. சுழலச் சுழல அடியில் இருந்த பனி நசுங்கிக் கண்ணாடிபோல் ஆயிற்று. சேற்றில் சிக்கிய சக்கரம் தோண்டும், உள்ளே இறங்கும், எங்கோ அடியில் கெட்டித்தரை கிடைக்கும் என்ற நம்பிக்கையாவது உண்டு. இங்கே சக்கரம் தனக்குத்தானே பளிங்குத் தரை போட்டுக்கொள்கிறது.

நான் குனிந்து டயரைப் பார்த்தேன். அகலமான, தடித்த, வழவழப்பான கட்டைகள். மறுநாள் அடுத்த பண்ணையின் முதியவர் வந்தபோது விளக்கினார். எழுபது வயதைத் தாண்டியவர். வாழ்நாள் முழுவதும் மாடுகளோடும் பனியோடும் மல்லுக்கு நின்றவர். இத்தகைய சிறு டிராக்டர்களுக்கு மூவகை டயர்கள் உண்டாம். வயலுக்கு உரியது, உயர்ந்த சாய்வுக் கட்டைகள் கொண்டது, ஆர்1. புல்வெளிக்கு உரியது, நெருக்கமான சிறு கட்டைகள் கொண்டது, ஆர்3. வாளியில் பாரம் சுமப்பதற்கும் கடினத் தரைக்கும் உரியது ஆர்4. அக்காவின் வண்டியில் இருந்தது மூன்றாம் வகை. முள்ளும் கல்லும் குத்தாது, நெடுநாள் உழைக்கும், இறுகிய பனியிலும் பனிக்கட்டியிலும் மட்டும் கைவிட்டுவிடும். பனியைப் பற்றுவது கட்டையின் உயரமன்று, அதன் விளிம்புகள். பெரிய கட்டைகள் என்றால் விளிம்புகள் குறைவு. பார்வைக்குச் சாதுவான புல்வெளி டயர் இறுகிய பனியில் இதைவிட நன்றாகப் பிடிக்கும் என்றார் அவர்.

புது டயர்கள் என்றால் சக்கர வட்டும் மாற்ற வேண்டியிருக்கும், செலவு மிகுதி. "முதலில் பாரம் ஏற்றுங்கள்" என்றார்.

* * *

பாரம் ஏற்றுவது எனக்குப் புதிதன்று. நாற்றங்கால் தயாரிக்கும்போது அப்பா பரம்பு அடிப்பார். மாடு இழுக்கும் பலகை சேற்றின் மேல் மிதந்துகொண்டு போகக்கூடாது, அழுந்த வேண்டும். அதற்காக என்னையும் அக்காவையும் அதன் மேல் ஏற்றிவிடுவார். நான் ஆறு வயது, அவள் பதினேழு. நான் அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டு நிற்பேன். எங்கள் எடையால் சேறு சமமாகும். பிற்பாடு டிராக்டர் வந்தபோது சேற்றுழவுக்கு இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டினார். ஊரில் கேஜ்வீல் என்பார்கள். டயருக்குள் தண்ணீர் நிரப்பி எடை கூட்டுவதையும் கண்டிருக்கிறேன்.

இங்கே தண்ணீர் நிரப்பினால் உறைந்துவிடும். ஆகவே உறையாத திரவம் வேண்டும். முன்பெல்லாம் கால்சியம் குளோரைடு உப்புக்கரைசல் நிரப்புவார்கள். எடை மிக்கது, மலிவானது. கசிந்தால் இரும்பு வட்டைத் தின்றுவிடும். காரின் முன்கண்ணாடி கழுவும் திரவத்தை நிரப்புவோரும் உண்டு. அது மலிவு, ஆயினும் இலேசானது, மெத்தனால் நச்சும் கொண்டது. இப்போது பலரும் நாடுவது சர்க்கரைவள்ளிக்கிழங்கு போலத் தோன்றும் சர்க்கரைக்கிழங்கின் சாறு. கிழங்கிலிருந்து சர்க்கரை எடுத்தபின் எஞ்சும் கருஞ்சாறு. லிட்டருக்கு ஏறத்தாழ 1.3 கிலோ எடை, கடுங்குளிரிலும் உறைவதில்லை, இரும்பை அரிப்பதுமில்லை. டயர்க் கடைக்காரர் வந்து, காற்றுக்குழாயை உச்சியில் நிறுத்தி, அதன் மட்டம்வரை, அதாவது முக்கால் பங்கு, நிரப்பிவிட்டுப் போனார். பின்சக்கரம் ஒவ்வொன்றிலும் நூறு கிலோவுக்குச் சற்று மேல் ஏறியது. கொட்டகையில் இரண்டு நாள் வெல்லம் காய்ச்சிய ஆலையின் வாசம் இருந்தது. அக்கா மூச்சை இழுத்து, "அச்சுவெல்ல வாசனடா" என்று சிரித்தாள். நான் போனதிலிருந்து அவள் சிரித்தது அப்போதுதான்.

சமதரையில் பலன் தெரிந்தது. வண்டி திணறாமல் பனியைத் தள்ளியது. அக்காவுக்கு நம்பிக்கை பிறந்தது. டிசம்பர் முதல் வாரத்தில் பாதையின் சரிவில் இறங்கினாள். முதல் நாள் சற்று உருகிப் பின் இறுகியிருந்த தரை. பாதி இறங்கியதும் வண்டி அவள் சொல் கேட்கவில்லை. சக்கரங்கள் சுழலவில்லை, ஆனால் வண்டி போய்க்கொண்டிருந்தது. ஓசையே இல்லாமல், சற்றுக் கோணலாக, பள்ளத்தை நோக்கி. அவள் என்ன நினைத்தாளோ, தகட்டையும் வாளியையும் சடாரெனத் தரையில் இறக்கினாள். இரும்பு தரையைக் கீறிக்கொண்டு நின்றது. பள்ளத்துக்கு இன்னும் மூன்றடி.

அவள் இறங்கவில்லை. சுழலியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். நான் ஓட முயன்று இருமுறை விழுந்து எழுந்து போய்ச் சேர்ந்தபோது, "இதே எடந்தான்" என்றாள். வேறொன்றும் சொல்லவில்லை.

* * *

எடையைக் கூட்டினோமே, பின் ஏன் சறுக்கியது? அன்றிரவு எங்கள் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பரைத் தொலைபேசியில் அழைத்தேன். அங்கே காலை. அவர் சிரித்துக்கொண்டு வகுப்பெடுத்தார்.

உராய்வு எடைக்கு ஏற்பக் கூடும் என்பதை அமோந்தோன் என்ற பிரெஞ்சுக்காரர் 1699-இல் விதியாகச் சொன்னார். சமதரையில் தள்ளும்போது அந்த விதி நமக்கு நண்பன். சரிவில் எடை இரண்டு வேலைகளைச் செய்கிறது. தரையை அழுத்திப் பிடியையும் தருகிறது. வண்டியைக் கீழ்நோக்கி இழுக்கவும் செய்கிறது. எடையை இருமடங்காக்கினால் இரண்டும் இருமடங்காகும். ஆகவே வண்டி நிற்குமா வழுக்குமா என்பதில் எடைக்குப் பங்கேயில்லை. எட்டடிக்கு ஓரடி உயரும் சரிவு உங்களுடையது என்றால், உராய்வுக் குணகம் 0.125 ஆவது வேண்டும். உலர்ந்த தாரில் ரப்பருக்கு அது 0.7 அளவில் இருக்கும். இறுகிய பனியில் 0.2-க்கு மேல். வெறும் பனிக்கட்டியில் ஏறத்தாழ 0.1. அவ்வளவுதான் கணக்கு. நீங்கள் யானையையே ஏற்றினாலும் யானையும் சேர்ந்துதான் வழுக்கும்.

இன்னொன்றும் சொன்னார். பனிக்கட்டி மிகுதியாக வழுக்குவது கடுங்குளிரில் அன்று, உருகுநிலையை ஒட்டித்தான். பூச்சியத்துக்கு இருபது பாகை கீழே போனால் அதன் வழுக்கல் குறைந்துவிடும். குளிர் மிகுந்த நாளைவிடக் குளிர் தணிந்த நாளே ஆபத்தானது என்பதை நான் அதற்குமுன் அறிந்ததில்லை.

மறுநாள் பண்ணைக்காரர் வந்து பள்ளத்தோரத்துத் தடங்களைப் பார்த்தார். நண்பர் குணகத்தால் சொன்னதை அவர் வேறு விதமாகச் சொன்னார். "பாரம் என்பது தள்ளுவதற்கு. பிடிமானம் என்பது நிற்பதற்கு. இரண்டும் ஒன்றென்று எண்ணித்தான் எல்லோரும் பள்ளத்தில் விழுகிறார்கள்."

பிறகு வண்டியைச் சுற்றி நடந்து ஒவ்வொன்றாகக் காட்டினார். இவ்வகை டிராக்டர்கள் பெரும்பாலானவற்றில் பிரேக் பின்சக்கரங்களுக்கு மட்டுமே. வாளியில் பனியை அள்ளித் தூக்கினால் எடை முன்னச்சுக்குப் போய்ப் பின்சக்கரங்கள் இலேசாகிவிடும். பிரேக் இருக்கும் இடத்தில் எடை இராது. அதற்காகப் பின்னால் ஒரு பாரப்பெட்டி வேண்டும். இல்லையேல் கனத்த தகடாவது தொங்க வேண்டும். வாளியை எப்போதும் முழங்காலுக்குக் கீழேயே வைக்க வேண்டும். நான்கு சக்கர இயக்கத்தை இணைத்திருந்தால் முன்சக்கரங்களும் பின்னச்சோடு பிணைக்கப்பட்டு வண்டியை நிறுத்த உதவும். அதை விலக்கிவிட்டுச் சரிவில் இறங்கவே கூடாது. சரிவில் கியர் மாற்றக் கூடாது. நடுநிலையில் ஒரு நொடி நின்றாலும் வண்டி உருளத் தொடங்கிவிடும். கால்மிதியிலிருந்து காலைச் சட்டென எடுக்கக் கூடாது, சக்கரம் பூட்டிக்கொள்ளும். வழுக்கினால் சற்றே முன்னோக்கி மிதித்துச் சக்கரத்தை உருளவிட வேண்டும். அதற்கும் அடங்காவிட்டால் அக்கா செய்ததுதான் வழி, இரும்பைத் தரையில் இறக்குவது. பனி நாலங்குலம் சேரும்போதே தள்ளிவிட வேண்டும். அதன் மேல் வண்டி ஏறி ஏறிக் கட்டியாக்க விடக்கூடாது.

"இவ்வளவும் செய்தாலும், இந்தச் சரிவுக்குச் சங்கிலி இல்லாமல் ஆகாது" என்று முடித்தார்.

நான் உடனே, எங்கே கிடைக்கும், என்ன விலை என்று கேட்கத் தொடங்கினேன். அக்கா குறுக்கிட்டாள். தமிழில், என்னிடம் மட்டும் சொல்வதுபோல், "வாங்க வேணாம்டா. இருக்கு" என்றாள்.

கொட்டகையின் மூலையில், பெயிண்ட் டப்பாக்களுக்குப் பின்னாலிருந்து இரண்டு சாக்குகளை இழுத்தாள். கனம் தாங்காமல் சிமெண்ட் தரையில் அவை சலசலத்தன. வாய் கட்டியது கட்டியபடியே இருந்தது. உள்ளே இரண்டு சங்கிலி வலைகள். மேலே 2021 அக்டோபர் தேதியிட்ட ரசீது.

* * *

பண்ணைக்காரர் போனபின் அக்கா சொன்னாள். ஓராண்டாக அவள் யாரிடமும், மகனிடமும்கூட, சொல்லாதது.

2021 கோடையில்தான் அந்தப் பாதைக்குத் தார் போட்டார்கள். அதுவரை சரளைக்கல். சேமிப்பில் பெரும்பகுதி அதில் போயிற்று. புதுத் தாரின் கருமையும் வழவழப்பும் அக்காவுக்கு அவ்வளவு பிடித்திருந்தது. அக்டோபரில் அத்தான் சங்கிலி வாங்கிவந்தபோது இவள்தான், "இப்பதான் தார் போட்டோம். இதப் போட்டுக் கீறி வெச்சிடாதீங்க. இந்த ஒரு வருஷம் போகட்டும்" என்றாள். அத்தான் சண்டை போடுகிறவர் அல்லர். சாக்கைப் பிரிக்காமலே மூலையில் வைத்துவிட்டார். கெட்டியான தார்த்தரையில் நான்கு சக்கர இயக்கத்தை விலக்கிவிட வேண்டும் என்று வண்டியோடு வந்த கையேட்டில் இருந்ததாம், அதன்படியே ஓட்டினார். சனவரியில் ஒரு மாலை, வாளி நிறையப் பனியோடு சரிவில் இறங்கியபோது வண்டி சறுக்கிப் பள்ளத்தில் சாய்ந்தது. அவருக்குக் காயமில்லை. பிறகு பண்ணைக்காரர் வண்டியை இழுத்து மேலேற்றியபோது நான்கு சக்கர நெம்புகோல் விலக்கிய நிலையிலேயே இருந்தது.

ஆனால் அதற்கு முன் ஓர் இரவு இருந்தது. அன்றிரவு முழுதும் பனி கொட்டியது. டிராக்டர் இல்லை. விடிந்ததும் அத்தான் மண்வாரி எடுத்துக்கொண்டு இறங்கினார். அறுபத்தொரு வயது. கடுங்குளிரில் இரத்தக்குழாய்கள் சுருங்கியிருக்கும் வேளையில் திடீரென்று செய்யும் கடும் உழைப்பு இதயத்துக்குப் பகை என்பது பனிநாட்டு மருத்துவர்கள் ஆண்டுதோறும் சொல்லும் எச்சரிக்கை. ஐம்பதடி வாரியிருப்பார். அக்கா சன்னலிலிருந்து பார்த்தபோது மண்வாரி மட்டும் நின்றுகொண்டிருந்தது.

ஆம்புலன்ஸ் சாலைவரை வந்தது. மேலே ஏற முடியவில்லை. அதில் வந்தவர்கள் கருவிகளைத் தூக்கிக்கொண்டு தொடையளவு பனியில் நடந்து ஏறினார்கள். இன்னும் சற்று முன்னதாக வந்திருந்தாலும் பயன் இருந்திராது என்று மருத்துவர் பின்னர் சொன்னாராம். "அவர் சொன்னாரு. நான் நம்பலடா" என்றாள் அக்கா.

எனக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. சொற்களை விற்றுப் பிழைப்பவன் நான். அன்று கையில் ஒரு சொல்லும் இல்லை. சங்கிலியில் ஒன்றை எடுத்துத் தரையில் விரித்துப் பார்த்தேன். ஏணிபோன்ற அமைப்பு, ஒவ்வோர் இரண்டு கண்ணிக்கும் ஒரு குறுக்குச் சங்கிலி. பண்ணைக்காரர் சொல்லியிருந்தார்: நான்கு கண்ணிக்கு ஒன்றாக வருவதை இந்த டயருக்கு வாங்கினால், குறுக்குச் சங்கிலிகள் கட்டைகளுக்கு இடையே உள்ள பள்ளத்தில் விழுந்து மறைந்துவிடும், பனியைத் தொடவே தொடாது. அத்தான் விவரம் அறிந்து சரியானதைத்தான் வாங்கியிருந்தார்.

அதை அக்காவிடம் சொன்னேன். அவள் குறுக்குச் சங்கிலிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினாள். பிறகு, "வா, மாட்டிடலாம்" என்றாள்.

* * *

வெளியே பூச்சியத்துக்குப் பன்னிரண்டு பாகை கீழே. கையுறையைக் கழற்றினால் இரும்பு தோலைப் பற்றியது; போட்டுக்கொண்டால் கொக்கி பிடிபடவில்லை. சங்கிலியை டயரின் மேல் போர்த்தி, கொக்கிகளின் திறந்த வாய் வெளிப்பக்கம் பார்க்குமாறு வைத்து, வண்டியைச் சற்றே உருட்டி, உட்புறம் முதலிலும் வெளிப்புறம் பின்னும் இணைத்தோம். கொக்கியின் வாய் உட்பக்கம் திரும்பியிருந்தால் டயரின் கன்னத்தை அறுத்துவிடும். மட்கார்டுக்கும் சங்கிலிக்கும் இடையே இடைவெளி போதுமா என்று கையை விட்டுப் பார்த்தோம். சிறிது தூரம் ஓட்டிவிட்டு வந்து, தொய்ந்ததை மீண்டும் இறுக்கினோம். பின்னால் தகட்டுக்குமேல் மணல் மூட்டைகளைக் கட்டினோம். மூன்று மணி நேரம் ஆயிற்று. தமிழ்க் கலைச்சொல்லாக 'இழுவை' என்று எழுதுகிறோமே, அந்தச் சொல் வண்டியின் பக்கம் நின்று பேசுகிறது. ஊரில் சொல்லும் 'பிடிமானம்' என்ற சொல்தான் தரையின் பக்கம் நிற்கிறது என்று எனக்குத் தோன்றியது. விரல்கள் மரத்திருந்தபோது இதையெல்லாம் அக்காவிடம் சொல்லவில்லை.

அக்கா சரிவில் இறங்கினாள். நான்கு சக்கர இயக்கம், தாழ்ந்த கியர், தாழ்ந்த வாளி. சங்கிலி தரையைக் கடிக்கும் ஓசை கேட்டது. கரும்பு கடிப்பது போன்ற ஓசை. இருமுறை நிறுத்திக் காட்டினாள். நின்றது.

டிசம்பர் 23-ஆம் நாள் அந்தப் புயல் வந்தது. பஃபலோ பகுதியில் அதில் நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அவசர ஊர்திகளே நடுத்தெருவில் புதைந்து நின்றன. உதவி கேட்டவர்களிடம் போய்ச்சேர முடியவில்லை. எங்கள் பக்கமும் காற்று இரண்டு நாள் ஓயவில்லை. முன்னால் நீட்டிய கை தெரியாத வெண்மை. காற்று சற்றே அடங்கிய போதெல்லாம் அக்கா கிளம்பினாள். பகலில் மூன்று முறை. இரவு பதினொரு மணிக்கு ஒருமுறை. விடியற்காலை மூன்று மணிக்கு எந்திர ஓசை கேட்டு எழுந்தேன். அவள் எப்போது போனாள் என்று தெரியவில்லை. சன்னலில் பார்த்தபோது விளக்கொளி மட்டும் சரிவில் இறங்குவதும் ஏறுவதுமாக இருந்தது.

வாசலில் போய் நின்றேன். வந்தவள் எந்திரத்தை நிறுத்தினாள். இமைகளில் பனி கட்டியிருந்தது.

"இந்நேரத்துல யாருக்கா வரப்போறா?" என்றேன்.

"யாரும் வரல. வந்தா ஏறலாம்" என்றாள்.

யாரும் வரவில்லை. யாரும் வர வேண்டிய தேவையும் அந்தக் குளிர்காலம் முழுவதும் ஏற்படவில்லை. சனவரியில் அத்தானின் நினைவுநாளன்று காலையிலும் அக்கா பாதையைத் தள்ளி முடித்துவிட்டுத்தான் விளக்கேற்றினாள்.

மார்ச் இறுதியில் பனி பின்வாங்கத் தொடங்கியது. நான் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்பு பாதை முழுவதும் வெளிப்பட்டது. வீட்டு வாசலிலிருந்து சாலைவரை, தாரில் இரண்டு வரிசையாக நெருக்கமான வெள்ளைக் கீறல்கள். வளைவில் அவை ஒன்றன்மேல் ஒன்றாகக் கலந்து, அந்த இடம் மட்டும் அம்மி பொளிந்ததுபோல் சொரசொரப்பாக இருந்தது. கோடையில் மேற்பூச்சுப் பூசினால் மறைந்துவிடும் என்று பண்ணைக்காரர் சொல்லியிருந்ததை நினைவுபடுத்தினேன்.

அக்கா காலால் அந்தச் சொரசொரப்பைத் தேய்த்துப் பார்த்தாள்.

"இருக்கட்டும்டா" என்றாள்.

வீட்டை அவள் விற்கவில்லை. ஒவ்வோர் ஆண்டும் நவம்பரில் ஒரு நாள், எங்களுக்கு அடைமழை பெய்துகொண்டிருக்கும் நேரத்தில், அவளிடமிருந்து தொலைபேசி வரும். நலம் விசாரிப்பதெல்லாம் பிறகுதான். முதலில், "மாட்டிட்டேன்" என்பாள்.